வான்கோழிக் காட்டில் திருநீறு

ஏப்ரல் 12, வெள்ளி

வந்து சேர்ந்தாயிற்று. மிசௌரி மாநிலத்தில் ஏதோ ஒரு காட்டோரம். ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், வாயில் நிற்கவில்லை. என் மகள் வடிவு கட்டிக்கொள்ள நினைக்கிற பையனுடைய அப்பா வீட்டில் நானும் என் மனைவி பிரமுவும் மூன்று வாரம் விருந்தாளிகள். மே ஆறாம் தேதி ஊருக்கு விமானம். அதற்குள் நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

"நீங்க வேண்டாம்னா செய்ய மாட்டேன்ப்பா. ஆனா அதுக்குப் பொறவு வேற யாரையும் பாக்கச் சொல்லாதீங்க" என்று காரில் வரும்போதே வடிவு சொல்லிவிட்டாள். ஒரே பெண், முப்பது வயது. மிரட்டல் என்றும் சொல்ல முடியாது, சாந்தமாகத்தான் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நல்ல காரணம் ஒன்று கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் எட்டு வீட்டுச் சொக்காரப் பங்காளிகள் சிரிப்பார்கள் என்பதைக் காரணமாகச் சொன்னால் வடிவு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு ஆகாது. கொஞ்சம் உயர்ந்த காரணமாக இருக்க வேண்டும். பையன் வெஸ்லியிடம் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவிடம்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

அவர் பெயர் ஹார்லன். மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு. மாரியாத்தா இங்கேயும் வந்துபோயிருக்கிறாள். வருகிற திங்கள்கிழமை வான்கோழி வேட்டைக்காலம் தொடங்குகிறதாம், என்னையும் காட்டுக்கு அழைக்கிறார். திருநெல்வேலி டவுன் சைவப் பிள்ளையை வேட்டைக்கு. காரணம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது.

கறிவேப்பிலையை வைக்கலாம் என்று சமையலறை மூலையில் இருந்த ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே முழுக்கக் கறி. உடனே மூடிவிட்டேன்.

பிரமு அதற்குள் அவரைச் 'சம்பந்தி' என்கிறாள். அந்த வார்த்தை இன்னும் யார் வாயிலும் வரக்கூடாது என்று கண்டித்தேன். "சரி, ஒங்க வாயில வர வேண்டாம்" என்றாள்.

மின்தடை: இல்லை. (மின்வாரியத்தில் உதவி செயற்பொறியாளராக இருந்தபோது தினமும் எழுதிப் பழகியது. ஓய்வு பெற்றும் கை நிற்க மாட்டேன் என்கிறது.)

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை விசு. பிரமு எங்கிருந்தோ ஒரு மாம்பழம் வாங்கிவரச் செய்து கனி வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டுச் சீரும் வந்தது. இலையும் குச்சியும் அச்சடித்த சட்டை, பேண்ட், தொப்பி, கையுறை, முகத்துக்கு ஒரு வலை. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பிரமு வெகுநேரம் பார்த்தாள். "மழைக்கு அப்புறம் வளந்த செடி மாதிரி இருக்கீக" என்றாள்.

சாயங்காலம் ஹார்லன் விதிகளை விளக்கினார். முப்பத்தாறு வருஷம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன் நான். ஆனாலும் அவர் பேசினால் பாதிதான் பிடிபடுகிறது. பிடிபட்ட மட்டில்: நெஞ்சில் தாடிபோல முடி தொங்குகிற சேவலைத்தான் சுட வேண்டும். இது முட்டையிடும் காலம், பெட்டையைத் தொடக்கூடாது. மரத்தில் உறங்குவதைச் சுடக்கூடாது. பறப்பதைச் சுடக்கூடாது. எட்டு வைத்து அளந்தால் நாற்பது எட்டுக்கு அப்பால் நிற்பதைச் சுடக்கூடாது. மதியத்துக்கு மேல் சுடக்கூடாது. இத்தனை 'கூடாது' எங்கள் வாரியத்து விதிப்புத்தகத்தில்கூடக் கிடையாது. பிறகு எப்போதுதான் ஐயா சுடுவீர்கள் என்று கேட்க ஆங்கிலம் வரவில்லை.

சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். அவர்கள் தேசியக் கொடியின் நிறம் ஆயிற்றே, காட்டில் புரண்டு எழுந்தால் கொடிக்கு அவமரியாதை போலும் என்று புரிந்துகொண்டேன். எனக்கும் தேசபக்தி உண்டு. வெள்ளைப் பனியனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

சமையலறை ஃப்ரீசரைக் காணோம். மூலை காலியாகத் துடைத்துக் கிடக்கிறது. இரண்டே நாளில் அவ்வளவையும் தின்று தீர்த்துவிட்டார் போல.

மின்தடை: இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. தாள் மட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

இருட்டோடு எழுந்து குளித்தேன். பிரமு நெல்லையப்பர் கோயில் திருநீற்றை மூன்று பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்து, "சாமியக் கும்பிட்டுட்டுப் போங்க. கொல்லப் போறது அவுகதான, நீங்க பாக்கத்தான போறீக" என்றாள். தர்மசாஸ்திரத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு பெரிய ஓக் மரத்தடியில் இரண்டு பேரும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். அசையக்கூடாது, பேசக்கூடாது. முகவலை மூக்கில் அரித்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொப்பியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். கிழக்கே வெளுத்தது. அப்போது எங்கோ மேலே ஒரு மரத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். காடு முழுக்க உருண்டு வந்து என் நெஞ்செலும்பில் நின்றது. நிஜத்தைச் சொன்னால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஹார்லன் சந்தோஷத்தோடு என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் முகம் செத்துப்போயிற்று. ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்க் குப்பியைக் கையுறையில் கவிழ்த்து, என் பிடரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் நெற்றியை அழுத்தித் துடைத்தார். திருநீறும் குங்குமமும் ஒன்றும் மிச்சமில்லாமல், பாத்திரத்தில் ஒட்டிய பத்தைத் தேய்க்கிற மாதிரி.

அறுபத்து நாலு வயதில் என் நெற்றியில் கை வைத்தவர்கள் இரண்டு பேர்தான். பூசிவிட்ட என் அம்மாவும், பூசிவிடுகிற பிரமுவும். அழித்தவர் இவர் ஒருவர்தான்.

எழுந்து நின்றேன். சேவல் மரத்திலிருந்து படபடவென்று பறந்தது. போகட்டும். நானும் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தேன். கால்மணி நேரம் கம்பீரமாக நடந்த பிறகுதான் வீடு அந்தத் திசையில் இல்லை என்று தெரிந்தது. அவர் பின்னாலேயே வந்தார். நான் தப்பாகத் திரும்பும்போதெல்லாம் லேசாகச் செருமினார். கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு வழிகாட்டி கூடவே வருவது போல ஒரு கேவலம் உலகத்தில் கிடையாது.

ஏப்ரல் 16, செவ்வாய்

யாரோடும் பேசவில்லை. இட்லி நாலு. கோபத்தில் வழக்கமான ஆறு இறங்கவில்லை.

வடிவிடம் போனில் சொல்லிவிட்டேன். "முடியாது. காரணத்த நேர்ல சொல்லுதேன்." "நாளைக்கி வாரேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

மின்தடை: இல்லை. எனக்குத்தான் எல்லாம் இருட்டாக இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

தான் வேலை பார்க்கிற ஊரிலிருந்து மூன்று மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி வடிவு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

"நெத்தியில இருந்த திருநீத்த அழிச்சவரு வீட்டுல பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்றேன். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம், நன்றாகவே வந்தது.

"ஏன் அழிச்சாருன்னு கேட்டீங்களாப்பா?"

"கேக்க வேற செய்யணுமோ?"

அவள் எழுந்து போய் ஹார்லனை அழைத்துவந்தாள். அவர் என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் கடுகு கடுகாக ஏதோ உருண்டது. அம்மைத் தழும்பு இல்லை. ஈயக் குண்டு.

அவர் சொன்னதை இனி நம்மூர்ப் பேச்சாகவே எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது.

"எனக்கு இருபத்திமூணு வயசு. இதே காடுதான். கழுத்துல செவப்புத் துண்டு கட்டியிருந்தேன், உள்ள வெள்ளை பனியன். சேவலோட தலை எப்பிடி இருக்கும் தெரியும்லா? உச்சி வெள்ளை, கழுத்து செவப்பு, கன்னம் நீலம். புதருக்குள்ள என் கழுத்து மட்டுந்தான் எங்க அண்ணன் கண்ணுக்குத் தெரிஞ்சிது. சுட்டுட்டான். நான் பொழச்சிட்டேன். அவன்தான் பொழைக்கல. உசிரோட இருக்கான், ஆனா அதுக்குப் பொறவு இந்தக் காட்டுப் பக்கம் வரல, எம் மொகத்தப் பாத்துச் சோறு திங்கல. திங்கக்கெழம விடிஞ்சதும் திரும்பிப் பாக்கேன், ஒங்க நெத்தியில வெள்ளை, நடுவுல செவப்பு. எங்காட்டுக்கு வேலி கெடையாது, பக்கத்துக்காரன் எவனாவது சேவல் சத்தத்தக் கேட்டு வந்து சுட்டுருவான். எனக்குக் குலை நடுங்கிட்டு. வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். பேசினா சேவல் பறந்திருமேன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். அது தப்பு. ஒங்க சாமிகிட்டயும் தப்புன்னு சொல்லிருங்க."

மூன்று நிறத்துக்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை என்று இப்படித்தான் தெரிந்துகொண்டேன். தேசபக்தியில் பனியனைக் கழற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 'சரி, போகட்டும்' என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர் போன பிறகு வடிவு கேட்டாள்.

"அப்ப முடியாதுன்னு சொன்னது?"

"அது பரிசீலனையில இருக்கு."

"ஆபீஸ் பாஷை பேசாதீங்கப்பா."

ராத்திரிச் சாப்பாட்டில் பிரமு என் தட்டில் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள். சட்டையெல்லாம் தெறித்தது.

காரணம் கையை விட்டுப் போய்விட்டது. வேறு தேட வேண்டும்.

ஏப்ரல் 19, வெள்ளி

மறுபடி காட்டுக்குப் போனேன். ஆளை நெருக்கமாகக் கவனித்தால் குறை தெரியும் என்பதற்காக. வேறு ஒன்றும் இல்லை. நெற்றி காலி, முகவலை உண்டு, மூக்கு அரித்தால் அரிக்கட்டும். பிரமு திருநீற்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஹார்லன் கையில் ஒரு மரப்பெட்டி. அதன் மூடியை உரசினால் பெட்டை கூப்பிடுகிற குரல் வருகிறது. கொஞ்சம் உரசுவார், வெகுநேரம் சும்மா இருப்பார். கடைசியில் அவர் வந்தார். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். மூன்று வருஷமாக ஹார்லனுக்கு ஆட்டம் காட்டுகிற கிழச்சேவலாம். வாலை விசிறியாக விரித்து, நெஞ்சைத் தள்ளி, சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். துணைமின் நிலையத்தை ஆய்வு செய்ய வருகிற எங்கள் தலைமைப் பொறியாளர் அதே நடைதான் நடப்பார். சீஃப் இன்ஜினியர் என்று பெயர் வைத்துவிட்டேன். அறுபது எட்டுத் தூரத்தில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். ஏதோ திருப்தியில்லாமல் திரும்பிப் போய்விட்டார். அதுவும் சீஃப் மாதிரியேதான்.

ஹார்லன் துப்பாக்கியைத் தூக்கக்கூட இல்லை.

"ஏன் சுடல?" என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரத்துல குண்டு பரவிரும். சாகாது, அடிபடும். அடியோட ஓடி எங்கயாவது புதருல நாலு நாளு கெடந்து சாகும். நான் வீட்டுல காப்பி குடிச்சிட்டு இருப்பேன். அது ஆகாது."

இதோ குறை கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். கொல்லலாம், வலிக்கக்கூடாது என்பது என்ன நியாயம், எங்களைப் போல உயிரையே தொடாமல் இருந்தால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மோர் குடிப்பீங்கள்லா?"

"குடிப்பேன்."

"பசுவுக்குக் காளங்கன்னு பொறந்தா அது எங்க போவுதுன்னு தெரியுமா? கசாப்புக்குப் போறவரைக்கும் நான்தான் அதுக்கு வைத்தியம் பாத்தேன்."

குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். மத்தியானம் மோர் இறங்கவில்லை. ராத்திரி இறங்கிவிட்டது. என் மனச்சாட்சிக்கு ஒரு நேரத்துக்கு மேல் பட்டினி கிடக்கத் தெரியாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகை விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கிறது என்று பிரமு சொன்னாள். மின்சாரம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். வீட்டிலிருந்து ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்தரை வழியாக இழுத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். பச்சைப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது. பிளக் சூட்டில் பழுத்திருந்தது. யார் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே வயரைப் பிடித்துக்கொண்டு போனால், அது போய் முடிகிற இடத்தில் சமையலறை ஃப்ரீசர் நிற்கிறது.

பக்கத்தில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு வாணலி, ஒரே ஒரு தட்டு. உட்கார நாற்காலிகூட இல்லை. நாங்கள் வந்த நாளிலிருந்து அந்த மனிதர் தன் வீட்டுக் கறியைத் தன் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவரும் எங்களிடம் சொல்லவில்லை.

பிரமுவிடம் சொன்னேன். "எனக்கு மொத நாளே தெரியும்லா. அவுக சட்டிய வேற சோப்புல கழுவுதாக" என்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்க வந்தவனுக்கு ஒன்பது நாளாக இது தெரியவில்லை.

வயரை அப்படியே விட்டால் கொட்டகை ஒருநாள் எரிந்துவிடும். மத்தியானம் உட்கார்ந்து தனி லைன் இழுத்து, கம்பி புதைத்து, ஒழுங்காக எர்த் போட்டுக் கொடுத்தேன். மூன்று தலைமுறையாக வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளை, கறிப்பெட்டிக்கு எர்த் போட்டான். ஊரில் யாரும் இந்த நாட்குறிப்பைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 24, புதன்

இன்று ஒரு சேவல் இறந்தது.

சீஃப் இல்லை, சின்ன வயதுச் சேவல். இருபத்தைந்து எட்டுக்குள் வந்தது. கூடவே ஒரு பெட்டை ஒட்டிக்கொண்டு நின்றது. ஹார்லன் துப்பாக்கியைத் தூக்கியபடி காத்திருந்தார். அவர் தோள் வலித்து நடுங்குவதை நான் பார்த்தேன். பெட்டை தானாக விலகி மேயப் போன பிறகுதான் சுட்டார். ஒரே சத்தம். சேவல் விழுந்து சிறகை அடித்துக்கொண்டது.

ஓடிப்போய்த் தூக்கிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் துப்பாக்கியிலிருந்து மிச்சக் குண்டை எடுத்துவிட்டு, நடந்து போய், மண்டி போட்டு, அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிறகு அடங்குகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு இருந்தார்.

நானும் தொப்பியைக் கழற்றியிருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சிறகைக் கறுப்பு என்று நினைத்திருந்தேன். செம்பும் பச்சையுமாக வெயிலில் மாறி மாறி மின்னியது. அழுகை வந்தது. வலையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

"சாமிகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லத் தெரியாது. அது சாவும்போது தனியா இருக்கக் கூடாதுன்னு மட்டும் நெனப்பேன். ஒங்களுக்கு ஏதும் தெரிஞ்சா சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைச் சொன்னேன். இரண்டாவது அடி மறந்துவிட்டது. சேவல் குறை சொல்லாது என்று மூன்றாவது அடிக்குப் போய்விட்டேன்.

கறி எனக்கு வேண்டாம். அதில் மாற்றமில்லை. ஆனால் கொட்டகைக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு இன்னொன்றும் போட்டேன். அவர் சாப்பிட்டார், நான் எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். வாசனைக்கு மூச்சை வாயால் விட்டுக்கொண்டு சமாளித்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மழை. காடு இல்லை. வடிவு போன் பண்ணினாள். "பரிசீலன எந்த மேசையில இருக்கு?" என்று கேட்டாள். குரலில் கேலி இருந்தது, பயமும் இருந்தது. நான் மழையைப் பற்றிச் சொன்னேன்.

பேசி முடித்ததும் பிரமு கேட்டாள், "இப்ப என்ன காரணம் மிச்சமிருக்கு?"

"யோசிக்கேன்."

"சொல்லிரட்டுமா? கல்யாணப் பத்திரிகைய எடுத்துக்கிட்டு எட்டு வீட்டுப் படியேறணும். ஒவ்வொரு வீட்டுலயும் சிரிப்பாக. அதுக்குப் பயந்துகிட்டு வான்கோழி மேல பழியப் போடுதீக."

மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.

மே 3, வெள்ளி

சீஃப் மறுபடி வந்தார். ஐம்பது எட்டில் நின்றார். ஆய்வு முடித்துத் திரும்பினார். ஹார்லன் சிரித்தார். கிடைத்துவிட வேண்டும் என்று ஹார்லனுக்காகவும், தப்பிவிட வேண்டும் என்று சீஃபுக்காகவும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். நெல்லையப்பர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு நாள்தான். வேட்டைக்கும் எனக்கும்.

மே 5, ஞாயிறு

வேட்டைக்காலத்தின் கடைசி நாள். நாளைக்கு விமானம்.

அதே ஓக் மரத்தடி. வெயில் ஏறிய பிறகு ஹார்லன் பெட்டியை மெல்ல உரசினார். பள்ளத்திலிருந்து சீஃப் பதில் கொடுத்தார். வரவே மாட்டார் என்று நினைத்துக் கால் மரத்துப்போன நேரத்தில் வந்தார். ஐம்பது எட்டு, நாற்பது, முப்பது. இத்தனை கிட்டத்தில் அவரை நான் பார்த்ததில்லை. வால் விரிந்து வெயிலில் நின்றார். ஹார்லன் துப்பாக்கியைத் தூக்கி ஒரு கண்ணை மூடினார். மூன்று வருஷக் காத்திருப்பு.

போன வருஷம்தான் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். அதிலிருந்து கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது, தூரத்தில் இருக்கிற இலை தெரியும். சீஃபுக்கு நேர் பின்னால் புதருக்குள் வெள்ளையாக ஒன்று அசைந்தது. கூடவே சிவப்பு. இன்னொரு சேவல் என்றுதான் நினைத்தேன். சீஃபைப் பார்க்க உதவிப் பொறியாளர் வந்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன். சேவலுக்கு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று அடுத்தபடியாக யோசித்தேன். வெள்ளைத் தாடி, வெயிலில் சிவந்த முகம், கண்ணாடி. வியர்வை துடைக்க முகவலையைக் கழற்றிவிட்டு ஒரு மனிதர் பெட்டைக் குரலைத் தேடித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். அவரும், சீஃபும், ஹார்லனின் துப்பாக்கியும் ஒரே கோட்டில்.

ஆளைக் கண்டால் கையை ஆட்டக்கூடாது, மனிதக் குரலில் உரக்கக் கத்த வேண்டும் என்று ஹார்லன் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் என்ன கத்த வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அது ஒன்றும் நினைவில் வரவில்லை. என் தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"சம்பந்தி! சுடாதீங்க, சம்பந்தி!"

சீஃப் நெட்டுக்குத்தாகக் கிளம்பி மரத்துக்கு மேல் போய்விட்டார். புதருக்குள் இருந்தவர் மல்லாந்து விழுந்தார். ஹார்லன் துப்பாக்கியைத் தாழ்த்தினார். நான் எதைக் காட்டுகிறேன் என்று பார்த்தார். பார்த்ததும் முகம், அன்றைக்கு என் நெற்றியைப் பார்த்தபோது எப்படியிருந்ததோ அப்படி ஆயிற்று.

குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்று கை தவறி இலையில் விழுந்தது. வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர், எழுபது வயதிருக்கும், எல்லை தெரியாமல் வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். ஹார்லன் அவரைத் திட்டவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போன பிறகு மரத்தடியில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்க அண்ணன் எப்பிடி இருந்திருப்பான்னு நாப்பது வருசமா எனக்குத் தெரியாது" என்றார். "இன்னைக்கித் தெரிஞ்சிட்டு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் தனியாக விடாமல் இருந்தால் போதும் என்று அவர்தானே சொல்லியிருக்கிறார்.

எழுந்திருக்கும்போது கேட்டார். "என்ன சொல்லிக் கத்துனீங்க? அதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தத்தைச் சொன்னேன். உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் ஒன்றானால் நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் இது என்றேன். அவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நடுவில் வருகிற 'ந்' அவருக்கு வரவில்லை. பரவாயில்லை, எனக்கே மூன்று வாரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆபத்தான இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, "என்ன சொல்லிக் கத்துனீக? இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள். அவசரத்தில் கத்தியதெல்லாம் கணக்கில் வராது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் போனைப் போட்டுவிட்டாள்.

வடிவு என்னிடம் கேட்டாள். "அப்பா, நெசமா சொன்னீங்களா, பயத்துல வந்துட்டா?"

"பயத்துல வந்ததுதான். பயத்துல எவனுக்கும் பொய் வராதுட்டி."

அவள் அழுதாள். நானும் அழுதேன். முகவலை இல்லை, துண்டால் துடைத்துக்கொண்டேன். வெள்ளைத் துண்டுதான்.

"பத்திரிகைய நானே கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றேன். "எட்டு வீட்டுக்கும்."

மே 6, திங்கள்

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இலைச் சட்டை பெட்டியில் மேலாக இருக்கிறது, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் பிரமுதான் வைத்தாள்.

உள்ளே வருமுன் நிலைய வாசலில் எல்லோரும் நின்றோம். வடிவும் வெஸ்லியும் பெட்டியை இறக்கினார்கள். சம்பந்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தார். "இங்க எவனும் சுட மாட்டான்லா. இப்பப் பூசுங்க" என்றார்.

பிரமு தாளில் மடித்துத் தந்த திருநீறு, சட்டை மாறியும், பையில் அப்படியே இருந்தது. அவர் நெற்றியில் பூசினேன், மூன்று பட்டையும் நேராக வரவில்லை.